மூடிக்குள் இருந்த கரிக்கோடு

1996 ஐப்பசியில் அத்தைக்குக் கண் ஆபரேஷன். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மணி நேரப் பாதைதான். மழைக்காலம் என்பதால் 6 மணிக்கே கிளம்பிவிட்டோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். பின் சீட்டில் அம்மாவும் அத்தையும், மடியில் தூக்குவாளி நிறைய இட்லி. வண்டி அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். 1986 மாடல். அப்பா 1993-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

கல்லிடைக்குறிச்சியிலேயே மழை பிடித்துவிட்டது. வீரவநல்லூர் தாண்டும்போது வைப்பர் தள்ளத் தள்ளக் கண்ணாடியில் தண்ணீர் நின்றது. சேரன்மகாதேவி கடந்து பத்தமடைக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டில் ஒரு பள்ளம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாகத்தான் இறக்கினார். அக்கரை ஏறும்போது எஞ்சின் இரண்டு தடவை உதறியது, சைலன்சரில் ஒரு வெடி வெடித்தது, நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பத்துத் தடவை அடித்த பிறகு செல்ஃபும் இழுக்க ஆரம்பித்தது. "போதும்யா, பேட்டரி போயிரும்" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள். அத்தை ஒன்றுமே பேசவில்லை, பயந்துபோயிருந்தாள். பாய் நெய்கிற வீடு ஒன்றின் திண்ணையில் இருவரையும் ஒதுங்க வைத்துவிட்டு நானும் அப்பாவும் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எதைப் பார்க்க வேண்டும் என்று இருவருக்குமே தெரியாது.

எதிரே டீக்கடையில் நெல் மூட்டை லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தார்.

"பெட்ரோல் இருக்கா அண்ணாச்சி?"

"நேத்துதான் போட்டேன்."

"தண்ணிக்குள்ள இறங்குன பொறவுதான நின்னுச்சு? அப்ப கரண்ட்டுதான் போயிருக்கும். மூடியக் கழத்துவோம்."

எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து விடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியை எடுத்தார். உள்ளே முத்து முத்தாக ஈரம். திண்ணை வீட்டுக்கார அம்மா ஒரு பழைய வேட்டித் துணியைக் கொடுத்தார். டிரைவர் துடைத்துவிட்டு மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். "தம்பி, இங்க பாருங்க." ஒரு பித்தளை முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே பென்சிலால் கீறினாற்போல மெல்லிய கறுப்புக் கோடு. "இது வழியாத்தான் கரண்ட் ஓடிப்போவுது. பிளக்குக்குப் போவ மாட்டேங்கு." பிளேடால் அந்தக் கரியைச் சுரண்டினார். மூடிக்குள் சுற்றுகிற ரோட்டரையும் நான்கு ஒயர்களையும், வோல்ட்டை ஏற்றித் தருகிற காயிலின் வாயையும் வறண்ட துணியால் துடைத்தார். மூடியைப் பழையபடி பொருத்தினார். அப்பா சாவியைத் திருப்பினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

காசு கொடுத்தால் வாங்கவில்லை. "மூடிய இன்னைக்கே மாத்திருங்க. சுரண்டுன எடத்துல திரும்பவும் கோடு விழும்" என்று மட்டும் சொன்னார். எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த லாரி டிரைவரின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

சாயங்காலமே பாளையங்கோட்டையில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணாச்சிதான் வண்டியில் கரண்ட் எப்படிப் பொறியாகிறது என்ற விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். புது மூடி போட்டார். கழற்றியதை என் கையில் கொடுத்து, "வச்சுக்கோங்க, பாத்துப் படிக்கலாம்" என்றார். எனக்கு அப்போது 19 வயது. அதற்கப்புறம் மாதம் ஒரு தடவையாவது அந்தப் பட்டறைக்குப் போய்விடுவேன்.

அவர் பாடம் சொன்ன விதம் எங்கள் வீட்டு ஆட்களுக்கு எளிதில் புரிந்தது, ஏனென்றால் எல்லாமே வயலில் இருந்துதான் வரும். "பேட்டரியில இருக்கது 12 வோல்ட். அதத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. ஆனா பிளக்கு நுனியில இருக்க இடைவெளியத் தாண்டிக் குதிக்கணும்னா, அதுவும் பிஸ்டன் அமுக்கி வச்சிருக்க காத்துக்குள்ள குதிக்கணும்னா, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல வேணும். இந்தப் பன்னண்டு எப்படி அத்தன ஆயிரம் ஆவுது?" என்று கேட்டார். நான் விழித்தேன். "ஒங்க பம்ப்செட் ஓடும்போது கேட்வால்வப் படார்னு அடைச்சா பைப்பு என்ன செய்யும்?" உதறும் என்றேன். "அந்த உதறல்தான்."

காயிலுக்குள் இரண்டு சுற்று இருக்கிறது. ஒன்று கொஞ்சம் தடித்த கம்பி, சில நூறு சுற்று. இன்னொன்று தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் பேட்டரி கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலுக்குள் காந்தம் ஏறி நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்ட் என்கிற சிறு சுவிட்ச் திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுந்துபோகும். காந்தம் பொலபொலவென்று சரியும். அந்தச் சரிவில்தான் மெல்லிய கம்பியில் 15,000, 20,000 வோல்ட் என்று எகிறும். பாயிண்ட் மூடியிருக்கும்போது பொறி வராது, திறக்கும்போதுதான் வரும். எனக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆனது. பிடிபட்ட பிறகு மற்றதெல்லாம் தானாகப் புரிந்தது.

பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சிறு டப்பி இருக்கும், கன்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது ஓடிக்கொண்டிருந்த கரண்ட் அந்த இடைவெளியையே தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைக் கன்டென்சர் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் பாயிண்ட்டில் பொறி பறந்து முனை கருகும், பிளக்கில் பொறி சோர்ந்துவிடும். காயிலிலிருந்து கிளம்பிய பெரிய கரண்ட் மூடியின் நடு முனைக்கு வரும். ரோட்டர் சுற்றிக்கொண்டே அதை ஒவ்வொரு முனைக்கும் பிரித்து விடும், வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மடை மடையாகத் திறந்து விடுவது போல. எங்கள் வண்டியில் அந்த முறை 1-3-4-2. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நான்கு பிளக்குக்கும் சேர்த்து ஒரு வினாடிக்கு 100 பொறி. அந்த நூறும் தன் தன் நேரத்தில் விழ வேண்டும்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங். 1910-இல் காடிலாக் கார்களில் வந்தது. நாங்கள் 1996-இல் பத்தமடையில் துடைத்ததும் அடிப்படையில் அதே ஏற்பாட்டைத்தான். எவ்வளவு நல்ல யோசனை என்று இப்போதும் வியப்பாக இருக்கும்.

சரி, மழையில் ஏன் நின்றது? எங்கள் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வரப்பில் நண்டு வளை ஒன்று இருந்தால் போதும், தலைமடையில் தண்ணீர் நிறையப் போனாலும் கடைமடை வயல் காய்ந்துவிடும். பெரிய வோல்ட் கரண்ட்டும் அப்படித்தான். மூடியில் தூசி படிந்து, அதன்மேல் ஈரம் பட்டால் அது ஒரு வளை. அந்த வழியாக ஒரு தடவை பொறி ஓடினால் பிளாஸ்டிக் கருகி, கரி படியும். கரி மேலும் நல்ல வழி. அடுத்த தடவை இன்னும் எளிதாக ஓடும். கோடு தடிக்கும். வெயில் நாளில் இது தெரியவே தெரியாது. அந்தக் கோடு எங்கள் மூடியில் பல மாதமாக வளர்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும், நாங்கள் ஒருநாளும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அதனால்தான் மற்ற எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் புரட்டாசி கடைசியில் மூடியைக் கழற்றிப் பார்ப்பதை நான் தள்ளிப்போடுவதில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி காட்டிய வழி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். கசிகிற இடத்தில் நீலமாக மினுக்கும், சடசடவென்று சத்தமும் கேட்கும். அப்போதும் தெரியாவிட்டால் சட்டைக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒயர்களின் மேல் லேசாகப் பனி மாதிரி அடியுங்கள். எந்த இடத்தில் அடிக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ அங்கேதான் வளை. கையை மட்டும் உள்ளே விடக் கூடாது. ஃபேன் ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்த பாடம் 1999 சித்திரையில். வள்ளியூரில் ஒரு கல்யாணம். நாங்குநேரி தாண்டி, உச்சி வெயிலில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. அந்தக் காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்: பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும், ஈரத்துணி போட்டால் ஆறும். போட்டோம். இருபது நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. ஆகவே பெட்ரோல்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். ஊருக்கு வந்து ஒரு பட்டறையில் காட்டினோம். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பிளக்கும் புதிதாகப் போட்டார்கள். அடுத்த வாரமே மூன்றடைப்பு பக்கம் திரும்பவும் நின்றது.

பாளையங்கோட்டை அண்ணாச்சியிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "நின்ன ஒடனே கரண்ட் பாத்தியளா, ஆறுன பொறவு பாத்தியளா?" நாங்கள் பார்க்கவே இல்லை. "எப்படி நின்னுச்சு? இருமி இருமி நின்னுச்சா, சுவிட்ச அமத்துன மாதிரி நின்னுச்சா?" சுவிட்சை அமர்த்தியது போலத்தான். "அப்ப பெட்ரோல் இல்ல. பெட்ரோல் தட்டுனா வண்டி தெணறும், இழுக்கும், கெஞ்சும். கரண்ட் போச்சுன்னா ஒரேயடியாப் படுத்துரும்." பட்டறை வாசலிலேயே எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டார். சூடு ஏறியதும் நின்றது. அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை. பாயிண்ட்டில் மட்டும் பளிச்பளிச்சென்று வெள்ளையாகப் பறந்தது. கன்டென்சரை மாற்றினார். சூடானால் உள்ளுக்குள் விட்டுப்போய், ஆறினால் சேர்ந்துகொள்ளும் ஒரு பழுது. ஈரத்துணியால் குணமானதாக நாங்கள் நினைத்ததெல்லாம் அந்த இருபது நிமிடம் ஆறியதால் குணமானது. அந்தச் சின்ன டப்பியின் விலை, அதற்கு முன்னால் நாங்கள் செலவழித்ததில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது.

காயிலும் இதே மாதிரி சூட்டில் படுக்கும். அதனால் நான் இன்றும் சொல்வது: வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பாருங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழுது ஓடி ஒளிந்துகொள்ளும்.

பார்ப்பது எப்படி? பழைய வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும் முறை இது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரிலேயே திரும்ப மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் இரும்பை நன்றாகத் தொடும்படி வைக்க வேண்டும். கழற்றிய துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். கையால் பிடிக்கக் கூடாது. ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் பார்க்க வேண்டும். நீலமாக, 'டிக் டிக்' என்று சத்தத்தோடு குதித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் சோர்ந்த கரண்ட். ஒன்று நினைவிருக்கட்டும்: வெளியே சாதாரணக் காற்றில் குதிக்கிற பொறி, உள்ளே அமுங்கிய காற்றில் குதிக்காமல் போகலாம். வெளியே சோர்ந்து தெரிந்தால் உள்ளே அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பொறி வராவிட்டால் பிளக்கிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும், கடைமடையிலிருந்து வாய்க்காலைப் பிடித்து மேலே நடப்பது போல. பிளக் ஒயர், மூடி, ரோட்டர், காயிலிலிருந்து வருகிற நடு ஒயர். நடு ஒயரில் பொறி இருந்து பிளக்கில் இல்லை என்றால் மூடியோ ரோட்டரோதான். நடு ஒயரிலேயே இல்லை என்றால் பாயிண்ட்டையும் கன்டென்சரையும் பாருங்கள். அப்புறம் காயில். சாவியைப் போட்டு, சாவி சுவிட்சிலிருந்து ஒயர் வருகிற காயிலின் சிறிய முனையில் டெஸ்ட் லைட் வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் பழுது சாவி சுவிட்சிலோ அதற்கு வருகிற ஒயரிலோ. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் காயிலில் தடித்த சுற்று சுமார் 3 ஓம் காட்டும், மெல்லிய சுற்று ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். பிளக் ஒயர்களில் நான்குக்கும் நீளத்துக்கு ஏற்றாற்போல ஓம் வரும். ஒன்று மட்டும் தாறுமாறாக எகிறினால் அது உள்ளே அறுந்த ஒயர்.

இதையெல்லாம் தொடங்கும் முன் பேட்டரி முனைகளைப் பார்த்துவிடுங்கள். வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தால் அங்கேயே பாதிக் கரண்ட் நின்றுபோகும். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும். கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் மறந்துவிடாதீர்கள். கடலோரத்து வண்டிகளில் அது உப்புக் காற்றில் தின்றுபோய் ஒரு நூலில் நிற்கும். உவரியில் மாமா வீட்டு வண்டியில் பார்த்திருக்கிறேன். செல்ஃப் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. இரண்டு பேட்டரி மாற்றிய பிறகுதான் அந்தப் பட்டையைக் குனிந்து பார்த்தார்கள்.

பாயிண்ட் பராமரிப்பு இன்று பலருக்கும் தேவைப்படாது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வண்டிக்கு, பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஓட ஓட, பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கிற ஃபைபர் குதிகால் தேயும், இடைவெளி குறையும், பொறி பிந்தும். பொறி பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும். 'வண்டி கிழடாயிட்டு' என்று சொல்லி விற்றவர்களை எனக்குத் தெரியும். அந்த வண்டிகளில் பாதிக்கு இந்த அரை மணி நேர வேலைதான் தேவைப்பட்டிருக்கும். முனை மேடும் குழியுமாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு தடவை சமன் செய்யலாம், அதற்கு மேல் புது செட் போடுவதே நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள் உண்டு, அதன் துகள் முனையில் ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணாச்சி விடமாட்டார். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் வெகுநேரம் போட்டு வைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் கொதிக்கும்.

பிளக் ஒயரைக் கழற்றினால் ஒன்றொன்றாகக் கழற்றி, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 2001-இல் நான் நான்கையும் ஒன்றாக உருவிப் போட்டுத் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது மூன்றாம், நான்காம் ஒயர்கள் இடம் மாறிவிட்டன. ஸ்டார்ட் செய்ததும் கார்புரேட்டர் வழியாகத் தீ எட்டிப் பார்த்தது. அப்பா ஓடி வந்து சாவியை அணைத்தார். அதற்கப்புறம் நான்கு ஒயரிலும் நகப்பாலிஷால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வைத்திருக்கிறேன்.

பிளக் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். கழற்றிய பிளக்கைத் துடைத்துத் தூரப் போடாதீர்கள். அது எஞ்சினுக்குள் பல ஆயிரம் கிலோமீட்டர் இருந்துவிட்டு வந்திருக்கிறது. நுனி பிஸ்கட் நிறத்தில், இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. அடுப்புக்கரி போல வறண்ட கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், எங்கள் பக்கம் அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி அதில் அப்பிக் கிடக்கும். பிசுபிசுவென்று எண்ணெயாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ வழியாக ஆயில் மேலே வருகிறது. வெள்ளை வெளேரென்று, கொப்புளம் மாதிரி இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காரணம் பெட்ரோல் குறைவு, பொறி விழும் நேரம் முந்தியது, அல்லது பிளக்கே தவறான வகை. நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே விழும். மாட்டும்போது முதல் ஐந்தாறு சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். கோணலாக ஏறினால் எஞ்சின் ஹெட்டின் மரை போய்விடும், பிறகு அது பெரிய செலவு. புது வாஷர் உள்ள பிளக் என்றால் கையிறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்றும் கொஞ்சமும் போதும். சாதாரண நிக்கல் பிளக்கை வண்டியின் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். இரிடியம் பிளக் பல வண்டிகளில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை வரும். அதன் நுனியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இடைவெளி சரிசெய்ய முயன்றால் ஒடிந்துவிடும்.

இப்போது நான் அன்றாடம் ஓட்டுவது மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி ஒன்று. இதில் மூடியும் இல்லை, ரோட்டரும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பொறியை விடுகிறது. என் பழைய படிப்புக்கு இனி வேலையில்லை என்றுதான் நினைத்தேன்.

2019-இல் ஒரு நாள் வாட்டர் சர்வீஸில் விட்டபோது எஞ்சினையும் வேகமான தண்ணீரில் அடிக்கச் சொன்னேன். பளபளவென்று வந்தது. இரண்டு நாள் கழித்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஏற்றம் ஏறும்போது வண்டி குலுங்கியது, இழுவை போனது, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பக்கத்துப் பட்டறை வரை நிதானமாகப் போகலாம். மினுக்கினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். பிளக்கை விட, காயிலை விடப் பல மடங்கு விலை அது. ஓரம் கட்டி நிறுத்தினேன்.

ஸ்கேனர் வைத்திருந்த ஒரு தம்பி வந்து மாட்டினார். பி0302 என்ற பழுது எண் வந்தது. கடைசி எண் சிலிண்டர் எண். இரண்டாம் சிலிண்டரில் எரியவில்லை. "காயில் மாத்தணும் சார்" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டாம் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டிலும் மாற்றிப் போடச் சொன்னேன். ஸ்கேனரில் அந்தப் பழுது எண்ணை அழித்துவிட்டு ஓட்டினால் இப்போது பி0303. பழுது காயிலோடு கூடவே நடந்துவிட்டது, ஆகவே காயில்தான். அது இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக்கை மாற்றிப் பார்த்திருப்போம், அப்புறம் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர். கழற்றிய காயிலின் ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார்த்தேன். உள்ளே துருவும் ஈரமும், பக்கவாட்டில் ஒரு கரிக்கோடும். பத்தமடையில் பார்த்த அதே கோடு. பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு எஞ்சினை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ரப்பர் குழாயின் வாயில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன்.

புது வண்டிகளில், ஓடும்போது காயிலையோ ஒயரையோ உருவிப் பார்க்கிற பழைய பட்டறைப் பழக்கம் வேண்டவே வேண்டாம். இவற்றில் 30,000 வோல்ட்டுக்கும் மேல் வரும். ஆளையும் தூக்கி அடிக்கும், கம்ப்யூட்டரையும் கெடுக்கும். பொறி பார்க்க வேண்டும் என்றால் அதற்கென்று ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறது.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி வந்தது. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருப்பிப் பார்த்தது. நண்பர் ஒருவர் அப்படித் திருப்பி, சிலிண்டருக்குள் போயிருந்த தண்ணீரில் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்தது. பெட்ரோல் ஆவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வண்டி மூழ்கியிருந்தால் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள், சாவியைத் தொடாதீர்கள், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, ஒவ்வொரு கனெக்டரையும் உலர்த்திய பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்பா இப்போது இல்லை. அம்பாசிடர் இருக்கிறது. 2014-இல் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியபோதே இரண்டு மூடி, இரண்டு ரோட்டர், மூன்று செட் பாயிண்ட், நான்கு கன்டென்சர் வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். வண்டியின் டேஷ்போர்டில் ஒரு டார்ச், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், வறண்ட வேட்டித் துணி எப்போதும் உண்டு. போன புரட்டாசியில் மூடியைக் கழற்றியபோது மகள்தான் டார்ச் அடித்தாள். "அப்பா, இது அழுக்கா?" என்று கேட்டாள். மூன்றாம் முனைக்கும் நான்காம் முனைக்கும் நடுவே, அரைவிரற்கடை நீளத்துக்கு, கோடு கிளம்பியிருந்தது. அலமாரியில் இருக்கும் 1996 மூடியை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பீரோவிலிருந்து ஒரு புது மூடியை எடுத்து, ஒயர்களை ஒன்றொன்றாக அவளே மாற்றினாள். ஐப்பசி முதல் மழைக்கு வண்டி பத்தமடை வழியாகத் திருநெல்வேலி போய் வந்தது.